மூன்றாம் வகுப்பில் ஓடிய நொய்யல்

டீச்சர்,

திங்கட்கிழமை என் கைப்பைக்குள் மைதா பசை கொட்டிவிட்டது. இரண்டு தடவை துவைத்து வெயிலில் போட்டும் வாசம் போகவில்லை. இன்று மாலை பள்ளி முடிந்து பஸ் ஏறி, பையை மடியில் வைத்ததும் அந்த வாசம் வந்தது. பக்கத்தில் நீங்கள்தான் வந்து நிற்கிறீர்கள் என்று நினைத்து, ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டேன். காலி சீட்டு என்று வேறொரு அம்மா வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து வருடம் இதே பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தீர்கள். மடியில் ஒரு சின்னத் தூக்குப்போசி இருக்கும். கண்டக்டர் அதில் மோர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது வீட்டில் காய்ச்சிய பசை. "கடையில வாங்கற பசை புள்ளைங்க கைக்கு அரிக்குதுங்க டீச்சர்" என்பீர்கள். எனக்கு அதுகூட எரிச்சலாக இருக்கும். என் வகுப்பில் ஒட்டுவதற்கு எதுவும் இருந்ததில்லை.

உங்கள் இரங்கல் கூட்டத்தில் நான்கு வாக்கியம் பேசினேன். நான்கிலும் இலக்கணப் பிழை இல்லை. உண்மையும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்குப் பொறாமை, டீச்சர். 'பொறாமை இருந்தது' என்றுதான் முதலில் எழுதினேன். இறந்தகாலம் பொருந்தவில்லை. அடித்துவிட்டேன்.

நான் இந்தப் பள்ளிக்கு வந்து ஆறு வருடம் கழித்து நீங்கள் மாறுதலாகி வந்தீர்கள். உங்களுக்கு மூன்றாம் வகுப்பு, எனக்கு நான்காம் வகுப்பு. நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் எழும்பாத சுவர். உங்கள் அறையில் யார் தும்மினாலும் எனக்குக் கேட்கும். நான் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்ல வைத்துக்கொண்டிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம், வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி நீங்கள் செய்திருந்த டிவிக்குள் ஒரு பிள்ளை தலையை நீட்டிச் செய்தி வாசிக்கும். "வணக்கம். இன்னைய முக்கியச் செய்தி. எங்க ஊட்டு எருமை நேத்து வேலியத் தாண்டிப் போயிருச்சு. எங்கப்பாவும் தாண்டுனாரு. எருமைக்கு ஒண்ணும் ஆகல." உங்கள் வகுப்பு சிரிக்கும். அதற்கு அரை நொடி கழித்து என் வகுப்பும் சிரிக்கும். நான் பிரம்பால் மேசையைத் தட்டுவேன்.

ஒவ்வொரு ஜூனிலும் உங்கள் பிள்ளைகள் என்னிடம் வந்து சேருவார்கள். உடம்புதான் வரும். 'எங்க டீச்சர்' என்று அவர்கள் சொன்னால் அது நீங்கள். நான் வெறும் 'டீச்சர்'. "எங்க டீச்சர் சிவப்பு இங்க்குல அடிக்க மாட்டாங்க, டீச்சர்." இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பேரும் இருக்கிறோம், பாருங்கள்.

ஓர் ஆசிரியர் தினத்தில் உங்கள் மேசை ரோஜாப் பூக்களால் நிறைந்துவிட்டது. என் மேசையில் மூன்றோ நான்கோ கிடந்தன. மணி அடிப்பதற்குள் நீங்கள் உங்கள் பூக்களில் பாதியை அள்ளி வந்து, "எனக்கு வெக்க இடமில்லைங்க டீச்சர்" என்று என் மேசையில் போட்டுவிட்டுப் போனீர்கள். நீங்கள் அதைப் பெருமைக்காகச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். செய்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அன்று முழுவதும் என் அறையில் உங்கள் பூ மணத்துக்கொண்டிருந்தது.

நானும் ஓர் அட்டை டிவி செய்தேன், தெரியுமா? உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா, சுவர்தான் பாதியோடு நிற்கிறதே. முதல் நாள் செய்தி வாசித்த பெண்ணை நான் ஐந்து இடத்தில் நிறுத்தினேன். "'போயிருச்சு' இல்லை, 'போய்விட்டது'. மறுபடி வாசி." மூன்றாம் நாள் யாருடைய வீட்டிலும் எந்தச் செய்தியும் இல்லை. பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

இனி, அந்தச் செவ்வாய்க்கிழமை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்த நேரம். காலையில் பஸ்ஸில் நீங்கள் சொன்னீர்கள்: "நாளைக்கு நொய்யல் ஆறு செய்யறோமுங்க டீச்சர். வெள்ளியங்கிரி மலையில இருந்து சிங்காநல்லூர் குளம் தாண்டி, திருப்பூர் வரைக்கும். தரையிலயே மண்ணக் கொட்டி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆபீசர் வியாழக்கிழமைதான வாராங்க, அதுக்குள்ள கழுவிப்போடலாம்." அன்று மதியம் நீங்கள் அரைநாள் விடுப்பில் போனீர்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு மணி வாக்கில் ஹெச்.எம். என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஆபீசர் நாளைக்கே வாராங்களாம். நான் மீட்டிங்குக்குக் கிளம்பறேன். மூணாவது டீச்சருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிப்போடுங்க."

"சரிங்க சார்" என்றேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. மறக்கவில்லை, டீச்சர். சாயங்காலம் போனைக் கையில் எடுத்தேன். உங்கள் பெயர் வரைக்கும் போனேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னுடைய பாடக்குறிப்பை அடுத்த இரண்டு வாரத்துக்கும் சேர்த்து எழுதி முடித்தேன். மறுநாள் பஸ்ஸில் நீங்கள் இல்லை. மண் மூட்டைகளோடு ஆட்டோ பிடித்து முன்னாலேயே போய்விட்டீர்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பள்ளிக்குப் போனபோதும் நேரம் இருந்தது. உங்கள் வகுப்பு வாசலைத் தாண்டும்போது பார்த்தேன். பிள்ளைகள் மண்டி போட்டு மலையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் முழங்கை வரைக்கும் சேறோடு நிமிர்ந்து, "வாங்க டீச்சர், சிறுவாணித் தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்றீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரு மணி நேரத்தில் முப்பது பிள்ளைகள் ஓர் ஆற்றைக் கழுவிவிடுவார்கள். நான் சிரித்துவிட்டு என் அறைக்குப் போனேன்.

ஆபீசர் முதலில் என் வகுப்புக்குத்தான் வந்தார். என் பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னார்கள். "வெரி குட்" என்றார். பிறகு உங்கள் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்துச் சபீனா மலை உச்சியிலிருந்து தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். மேட்டுப்பாளையம் ரோட்டில் டூவீலர் சீட் தைக்கிறாரே, அவருடைய மகள். வாளித் தண்ணீர் முழுவதையும் ஒரே ஊற்றாக. நொய்யலில் வெள்ளம் வந்து, குளம் உடைந்து, திருப்பூரைத் தாண்டி ஆபீசரின் ஷூவுக்குள் போய்விட்டது.

சுவருக்கு மேலே எல்லாம் கேட்டது.

"இது கிளாஸ் ரூமா, வயக்காடா? பாடக்குறிப்பு எங்கே? வாரக்கணக்கில் எழுதவே இல்லையே. பிள்ளைகளை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறீர்களா?"

நீங்கள் மெதுவாக, "இன்னைக்கு வாரீங்கன்னு தெரியாதுங்க சார்" என்றீர்கள்.

"தெரிந்தால்தான் பாடம் நடத்துவீர்களா?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. பாடக்குறிப்பு எழுதாதது உங்கள் தப்புதான். ஆனால் முப்பது பிள்ளைகள் முன்னால் அது நடந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரும் வரும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் வரத்தான் செய்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மதியம் ஆசிரியர் அறையில் ஹெச்.எம். என்னிடம் கேட்டார். நீங்கள் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

"ஏனுங்க டீச்சர், நேத்தே சொல்லிப்போடச் சொன்னேனே, இவங்களுக்குச் சொல்லலீங்களா?"

"ரெண்டு தடவ போன் போட்டேனுங்க சார். எடுக்கலீங்க."

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். உங்கள் போன் மேசை மேல் எல்லோரும் பார்க்கத்தான் கிடந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அன்றோடு நான் முடிந்தேன். நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்தபடி சொன்னீர்கள்: "ஆமாங்க சார். போன் சைலன்ட்ல கெடந்துச்சு. என் தப்புதானுங்க."

சாயங்காலம் பஸ்ஸில் வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். பொரிகடலையை நீட்டினீர்கள். "புள்ளைங்க பயந்துபோட்டாங்க டீச்சர். அதுதான் சங்கடமா இருக்குது" என்றீர்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் கடலையை வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது கோபம். பிள்ளைகளை எடுத்துக்கொண்டீர்கள், பூக்களை எடுத்துக்கொண்டீர்கள். நல்லவளாக இருக்கும் இடத்தையும் நீங்களே எடுத்துக்கொண்டால் எனக்கு என்னதான் மிச்சம்?

அந்த அரைநாள் விடுப்பு முதல் ஸ்கேனுக்கு என்று மார்ச்சில்தான் தெரிந்தது. பீளமேட்டுப் பக்கம் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். அறைக் கதவைத் திறந்தால் கட்டிலுக்கு எதிரே சுவர் முழுக்கப் பிள்ளைகளின் கடிதங்கள். 'எங்க டீச்சருக்கு' என்று ஒவ்வொன்றிலும். அடுக்கி வைத்த வாக்கியங்கள் அந்த இடத்திலேயே போய்விட்டன. நீங்கள் ரொம்ப இளைத்திருந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பற்றியே பேசினீர்கள்.

"நாலாவதுக்கு வந்ததும் சபீனாவ முன்னால உக்கார வெச்சுக்கோங்க டீச்சர். அவளுக்குப் போர்டு சரியாத் தெரியறதில்ல. வாயத் தொறந்து சொல்ல மாட்டா."

சரி என்றேன். மே மாதம் நீங்கள் போய்விட்டீர்கள்.

ஜூனில் அவர்கள் வந்தார்கள். சபீனாவை முதல் வரிசையில் உட்கார வைத்தேன். அவள் அப்பாவிடம் சொல்லிக் கண்ணாடி போட வைத்தேன். இந்த வருடம் என் வகுப்பைப் பார்த்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜூலையில் கயிறு கொண்டுபோய் வேப்பமரத்தின் சுற்றளவை அளந்தோம். எறும்புப் புற்றுக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து, யார் எதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று எழுதினோம். செய்தியும் வாசிக்கிறோம், பெட்டி இல்லாமல். 'போயிருச்சு' என்றால் போயிருச்சுதான், நான் திருத்துவதில்லை. உங்கள் நினைவுக்காகச் செய்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை. உங்களை ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆகஸ்ட்டில் ஒரு நாள் இரண்டு பிள்ளைகள் பள்ளி கேட்டருகே எனக்காக நின்று, "டாட்டா டீச்சர்" என்றார்கள். வீடு வரைக்கும் அதை நினைத்துக்கொண்டே போனேன்.

இந்தத் திங்கட்கிழமை, கதை நாடகத்துக்கு முகமூடி செய்யும் நாள். முதல் முறையாக நானே பசை காய்ச்சினேன். பாதி பையில் போக, மிச்சம் போதுமானதாக இருந்தது. எல்லோரும் கை நிறையப் பசையோடு சிங்கத்துக்குப் பிடரியும் யானைக்குக் காதும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சபீனா மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் வெட்டித் தாரேனுங்க டீச்சர். ஒட்ட மாட்டேன்."

"ஏன் கண்ணு?"

"அழுக்காயிருமுங்க."

"ஆனா என்ன? கழுவிக்கலாம்."

அவள் என் காதருகே வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "நான் தண்ணி ஊத்துனதாலதானுங்க எங்க டீச்சர் திட்டு வாங்குனாங்க. அப்பறம் செத்துப் போயிட்டாங்க."

எட்டு மாதம், டீச்சர். ஜனவரியிலிருந்து இந்தப் பிள்ளை அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். மூன்று மாதமாக என் மேசைக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எழுத்து அழகாக இருக்கிறது, சத்தம் போடுவதில்லை, நல்ல பிள்ளை என்று ரேங்க் அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

அவளை மட்டும் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று எல்லாப் பிள்ளைகளும்தான் மண்டி போட்டு மண் தட்டினார்கள், எல்லோரும்தான் கேட்டார்கள். டாட்டா சொன்ன இரண்டு பிள்ளைகளின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு எல்லோரையும் கையை நிறுத்தச் சொன்னேன்.

"போன வருசம் நீங்க ஆறு செஞ்சப்ப ஆபீசர் வந்தாருல்ல? அவரு வாராருன்னு எனக்கு மொத நாளே தெரியும். உங்க டீச்சர்கிட்டச் சொல்லச் சொல்லி ஹெச்.எம். சார் எங்கிட்டத்தான் சொன்னாரு. நான் வேணும்னே சொல்லல. அதனாலதான் அவங்க திட்டு வாங்குனாங்க. நீங்க யாரும் ஒரு தப்பும் செய்யல."

தர்ஷினிதான் கேட்டாள், உங்களுக்குத் தெரியும், அவள் எதையும் கேட்டுவிடுவாள். "ஏனுங்க டீச்சர் சொல்லல?"

"பொறாமை, சாமி."

"கண்ணு வெக்கறதுங்களா?"

"அது வேற. உங்களுக்கெல்லாம் அவங்களத்தான் புடிக்கும். என்னைப் புடிக்காது. அதனால."

பின்னாலிருந்து கவின் எழுந்தான். "எனக்கும் வந்துருக்குதுங்க. எங்கூட்டுல தங்கச்சி பொறந்தப்ப. அவ பால் பாட்டில ஒளிச்சு வெச்சேனுங்க."

"அதேதான். நான் ஒரு சேதிய ஒளிச்சு வெச்சுட்டேன்."

யாரோ சிரித்தார்கள். சபீனா சிரிக்கவில்லை. "செத்துப் போனது?" என்று கேட்டாள்.

"அதுக்கும் உனக்கும் சம்பந்தமே இல்ல கண்ணு. அவங்களுக்கு வயித்துல நோவு. நீ தண்ணி ஊத்தறதுக்கு முந்தியே இருந்துச்சு. மொத நாள் அவங்க அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தாள்.

"அப்ப எங்க டீச்சர் சும்மாவே திட்டு வாங்குனாங்க."

"ஆமா."

"உங்களால."

"ஆமா, என்னால."

அவள் பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள். சிங்கத்துக்குப் பிடரி ஒட்டி முடிக்கும் வரை நிமிரவில்லை.

மறுநாள் அவள் அப்பா வந்தார். சண்டைக்கு என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டருகே வண்டியை நிறுத்திவிட்டு, "பாப்பா எல்லாஞ் சொன்னாளுங்க டீச்சர்" என்றார். "ஊட்டுல டம்ளர் கவுந்தாக்கூட அழுதுருவா. எதுக்குன்னே எங்களுக்குப் புரியலீங்க. நேத்து அவளே கொடத்துல தண்ணி புடிச்சு வெச்சா. பாதி கீழதான். அழுகல." அதற்குமேல் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

நேற்று ஹெச்.எம். அறைக்கு நானே போனேன். போன் போட்டதாகச் சொன்னது பொய் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "அவங்களே போயிட்டாங்க. இப்பச் சொல்லி என்னங்க டீச்சர் ஆவப் போவுது? அதுவும் புள்ளைங்ககிட்டப் போயி." அதிலிருந்து அவர் என்னிடம் வேலை சம்பந்தமாக மட்டும் பேசுகிறார். அது நியாயம்தான்.

பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிட்டார்கள். கேட்டருகே டாட்டா சொல்கிறவர்கள் இப்போதும் சொல்கிறார்கள். தர்ஷினி தினமும் காலையில், "இன்னைக்குப் பொறாமை இருக்குதுங்களா டீச்சர்?" என்று காய்ச்சல் விசாரிப்பதுபோல விசாரிக்கிறாள். சபீனா மட்டும் மறக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. பெயர் கூப்பிட்டால் சுவரைப் பார்த்து "உள்ளேன்" என்கிறாள். நோட்டை மேசையில் வைக்கும்போது, கொஞ்சம் ஓசை வரும்படியே வைக்கிறாள். அந்தப் பிள்ளையிடம் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை மலைகளைப் பற்றிய பாடத்தில் அவள் களிமண்ணைப் பிசைந்து, முகத்தில் எல்லாம் அப்பிக்கொண்டு, பக்கத்துப் பெண்ணோடு சண்டை போட்டாள். நான் அருகில் போனதும் வாயை மூடிக்கொண்டாள்.

நான் சமாதானம் செய்யப் போகவில்லை. எட்டு மாதம் தன் மேலேயே வைத்திருந்த கோபத்தை அவள் இப்போதுதான் எடுத்து என் மேல் வைத்திருக்கிறாள். வைக்க வேண்டிய இடம் இதுதான். அவளுக்கு வேண்டும் மட்டும் இருக்கட்டும், நான் சுமக்கிறேன்.

நாளைக்கே நான் இல்லாமல் போனால், எனக்காக எந்தப் பிள்ளையாவது யாரிடமாவது நான்கு நாள் பேசாமல் இருக்குமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். ஒருவர்கூடத் தேறவில்லை.

உங்களுக்கு ஒருத்தி இருக்கிறாள், டீச்சர். முதல் வரிசையில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, உங்களுக்காக என்னை முறைத்துக்கொண்டு. எனக்கு வயிறு எரிகிறது. திங்கட்கிழமையும் அவள் அதே இடத்தில்தான் உட்காருவாள். நான் மாற்றப் போவதில்லை.